மகளென்று சொல்லி உள்ளே போனேன்

எண்பதுகளின் கடைசியில், தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். பக்கத்தில் நின்று வேலை செய்தவள் ஐம்பது வயது லண்டன்காரி. டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் வருவது, கன்டீனில் இரண்டாவது புடிங் வாங்குவது, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சொல்தான்: பிளாக். கறுப்பு நிறத்தைத்தான் சொல்கிறாளென்று முதலில் நினைத்தேன். அது வேறு சொல் (blag), கதைவிட்டு, கிடைக்காததை வாங்கிக்கொள்வதற்கு அவர்களுடைய பேச்சு அதென்று பிறகுதான் விளங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராத நேரம். சின்னப் பொய்க்கும் பயம்.

அந்த மாரியில், எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த ஐயா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மனைவியோ பிள்ளைகளோ இல்லை. இங்கிலீசும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். சொந்தக்காரர் மட்டும்தான் பார்க்க வரலாமென்று வைத்துவிட்டார்கள்.

வேலையில் அதைச் சொன்னபோது அவள் கையை நிறுத்தவேயில்லை. மகளென்று சொல்லிக்கொண்டு நேரே நட, தயங்கினால்தான் பிடிபடுவாய் என்றாள்.

பின்னேரம் சோற்றுப் பெட்டியோடு போய் அப்படியே சொன்னேன். நர்ஸ் என்னைக் கட்டிலடிக்குக் கூட்டிப்போய், என்னைக் காட்டி, மகளா என்று அவரிடம் சைகையோடு கேட்டார். ஐயா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஓம், என்ரை மகள்தான்."

நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனபிறகு ஐயா அழுதார். மூன்று நாளாக இறைச்சி வைத்த தட்டுகளைத் தொடாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார். சாப்பாட்டில் விருப்பமில்லாதவரென்று குறித்து வைத்திருந்தார்கள். அவர் சைவமென்று நான் சொன்னபோது நர்ஸின் முகம் சிவந்துவிட்டது. பேனையை எடுத்துத் தானே திருத்தினார்.

அவர் அங்கே இருந்த இரண்டு கிழமையும் நான் தினமும் போனேன். வீட்டுக்கு விடும் நாளில் அதே நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் பிள்ளைகள் இல்லையென்று, ஐயாவிடம் சைகையில் கேட்டு, முதல்நாளே எழுதியிருந்தார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் நர்ஸ் மெதுவாக. "அவர் சாப்பிட்டால் போதுமென்று விட்டுவிட்டேன்."

உறவு என்ற இடத்தில் அயலவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஐயா பிறகும் நாலு வருடம் எங்கள் மேலறையிலேயே இருந்தார்.