நாடாவில் ஒரு நீலக் கோடு

என் மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு மஞ்சள் அளவு நாடா கிடக்கிறது. தையற்காரரிடம் இருக்குமே, அதே மாதிரியான நாடாதான். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். நுனியில் உள்ள தகடு கறுத்துப்போயிற்று. சென்ரிமீற்றர்ப் பக்கத்தில், நூற்றியாறுக்கு நேரே, நீலப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டை நான் போடவில்லை. நாடாவை எறிய மனம் வரவில்லை என்று எழுதினால் ஏதோ பெரிய உணர்ச்சி போலத் தெரியும். எறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை, வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அது அங்கே கிடக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டனில், பார்க்கிங் (Barking) என்ற ஊரில், ஒரு டொக்டரின் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். அதற்கு முன் பக்கத்து ஊரான குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கிளினிக்கில் இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, நிறை பார்ப்பது என் வேலை. புதிதாக இடுப்பளவும் வந்து சேர்ந்தது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தால் சர்க்கரை, பிரஷர், இரத்தக் கொழுப்பு எல்லாம் கூட்டாளிகளாக வந்து கடைசியில் இதயத்தில் கைவைக்கும் என்று டொக்டர் விளக்கினார். அவர் மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண். சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். ஆண்களில் ஐரோப்பியருக்கு இடுப்பளவு எல்லை தொண்ணூற்று நாலு சென்ரிமீற்றர், எங்களைப் போன்ற தெற்காசியருக்குத் தொண்ணூறு. ஆபிரிக்கருக்கென்று தனியாக ஓர் இலக்கம் இல்லை. அவர்களைப் பற்றிப் போதிய தரவு இன்னும் சேரவில்லை, சேரும்வரை ஐரோப்பியரின் அளவையே எடுக்கவும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் கிளினிக்கின் வழக்கம் சுலபமானது. இலக்கத்தைத் தொட்டால் வெறும்வயிற்றில் இரத்தப் பரிசோதனை. தொடாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி அளப்பது என்று ஒரு நாள் வகுப்பும் வைத்தார்கள். சட்டையை உயர்த்தி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, ஆள் மூச்சை வெளியே விட்ட பிறகு வாசிக்க வேண்டும். பெண்களுக்கு அப்படியே செய்தேன். ஆண்களிடம் மட்டும் என்னால் முடியவில்லை. யாரோ ஒரு ஆணின் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிப்பது போல நிற்க வேண்டும். முகம் அவர் நெஞ்சுக்குக் கிட்ட வரும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆகவே நாடாவின் நுனியை அவர்கள் கையில் கொடுத்து, “நீங்களே சுத்திப் பிடியுங்கோ” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எங்கள் ஆட்களுக்கும் அது பெரிய நிம்மதி. நாடாவைக் கையில் வாங்கிய எந்த ஆணும் ஒரே வேலையைத்தான் செய்வான்: வயிற்றுக்குக் கீழே, பெல்ட் இருக்கும் இடத்தில் சுற்றுவான், வயிற்றை எக்கிக்கொள்வான். அதை நான் கண்டுகொள்ளவில்லை. திரும்பி இலக்கத்தை வாசித்துக் கணினியில் பதிவேன். மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

கானா அண்ணை ஆபிரிக்காவில் கானா நாட்டில் இருந்து வந்தவர், எங்கள் கிளினிக்கின் இரத்தக் குப்பிகளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிற வான் சாரதி. ஒவ்வொரு நாளும் மதியம் பன்னிரண்டரைக்கு வருவார். பெரிய உருவம், கதவுக்குள் நுழையும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும். நோயாளிகள் என்னை அக்கா என்பதைக் கேட்டுக் கேட்டு அவரும் அக்கா என்றார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதிலுக்கு நான் அண்ணை என்றேன். பேசியது ஆங்கிலத்தில்தான், ஆனால் என் நினைவில் அவரும் அவர் மனைவியும் எங்கள் தமிழிலேயே பேசுகிறார்கள். குப்பிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது, “அக்கா, ஊருக்குள்ள எல்லாற்ர ரத்தமும் என்ர வானுக்குள்ள இருக்கு, என்ர மட்டும்தான் இல்லை” என்பார். ஒவ்வொரு நாளும் அதே பகிடி. ஒவ்வொரு நாளும் நான் சிரித்தேன்.

அவரும் எங்கள் கிளினிக்கின் நோயாளிதான். ஒரு நாள் நானே வற்புறுத்தி அவரை நிறுத்தினேன். அட்டவணையை வாசித்துவிட்டு அவர் கேட்டார்: “உங்கட ஆக்களுக்கு ஒரு கணக்கு இருக்கு, வெள்ளைக்காரனுக்கு ஒரு கணக்கு இருக்கு. எனக்கு இரவல் கணக்கோ?” நாடாவின் நுனியைக் கையில் கொடுத்தேன். அவர் சுற்றினார், நான் சுவரைப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று. “பாஸ்!” என்று அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். நான் தொண்ணூற்று மூன்று என்று பதிந்தேன்.

அதே கிழமை வீட்டில் என் கணவரை அளந்தேன். அவரிடம் எனக்கு என்ன கூச்சம்? சட்டையைத் தூக்கி, சொல்லித்தந்த இடத்தில், நானே சுற்றினேன். தொண்ணூற்றிரண்டு. எங்கள் ஆட்களின் எல்லையைத் தாண்டிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே இரத்தம் கொடுத்தார், சர்க்கரை தொடங்கியிருந்தது. விழுங்கக் குளிசை, நடை, இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு ரொட்டி. இன்றைக்கும் அந்த ரொட்டியைப் பற்றி என்னைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்.

அடுத்த வசந்தத்தில் ஒரு மதியம் பன்னிரண்டரைக்கு வேறு ஒரு சாரதி வந்தார். கானா அண்ணை வானை ஒழுங்காகத் தெருவோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், மூன்றாம் நாள் இறந்துபோனார். இதயம். சர்க்கரை நெடுங்காலமாக உள்ளே இருந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை என்று அங்கிருந்து கடிதம் வந்தது. டொக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

“நீங்கதானே அளந்தீங்க?”

“ஓம் டொக்டர், நான்தான்.”

“தொண்ணூத்து மூணு. லிமிட்டுக்குக் கீழதான் இருக்கு. டெஸ்டுக்கு அனுப்பலன்னு யாரும் நம்மளக் கேக்க முடியாது.”

நான் தலையாட்டிவிட்டு என் அறைக்குப் போனேன். அடுத்த ஆளுக்குப் பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தைப்பேன் என்று அவருக்குத் தெரியும். கையில் ஒரு கறுப்புக் கோட்டும் நீளக் காற்சட்டையும். வயிற்றுக்குக் கீழே தொங்கவிடாமல், கலியாணத்தன்று போட்டது போல இடுப்பில் ஏற்றிப் போட்டுத்தான் அவரைப் பெட்டியில் வைத்து அனுப்பவேண்டும் என்றார். காற்சட்டை பொருந்தாது, இடுப்பைப் பெரிதாக்க வேண்டும். சரியான அளவு இருந்தால்தான் வெட்டலாம் என்றேன். கைக்கு அகப்பட்டது கிளினிக் பையில் இருந்த மஞ்சள் நாடா. அதைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள், அடக்கம்வரை அவர் உடலைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போய் அளந்துகொண்டு வந்தார். “கண்ணாடி கொண்டுபோகேல்லை, இலக்கம் தெரியேல்லை. பேனையால கீறிக்கொண்டு வந்தனான்” என்று நாடாவை என் கையில் வைத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லையாம். தானே கையை அடியில் விட்டு, சுற்றிக் கட்டிப்பிடித்து அளந்தாராம். நான் நாடாவை விரித்து வாசித்தேன். நூற்றியாறு.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய தண்ணீரில் உடம்பு வீங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். கொஞ்சம் வீங்கியிருக்கும். பதின்மூன்று சென்ரிமீற்றர் வீங்கியிருக்காது. இரவல் கணக்கோ சொந்தக் கணக்கோ, எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் அன்றைக்கே எல்லையைத் தாண்டி நின்றார்.

“அண்டைக்கு வீட்டை வந்து, அக்கா என்னைப் பாஸ் பண்ணிப்போட்டா எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவர்” என்றார் மனைவி. “அப்ப எவ்வளவு இருந்தது?”

“ஞாபகம் இல்லை” என்றேன்.

அவர் அதை நம்பினார். நான் தையலைப் பிரித்தேன். பின்பக்கம் ஒரு துண்டு கறுப்புத் துணி வைத்து இடுப்பை விரித்துத் தைத்தேன். அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. நூலின் கறுப்பும் துணியின் கறுப்பும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. கூலி வேண்டாம் என்றேன். அவர் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார். என் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

டொக்டருக்கும் நான் சொல்லவில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அட்டவணையும் எப்போதோ மாறிவிட்டது. நான் இன்னும் அதே அறையில் இருக்கிறேன். அந்தக் கிழமையில் இருந்து ஒரு ஆணிடமும் நாடாவைக் கொடுத்ததில்லை. “சட்டையைத் தூக்குங்கோ, மூச்சை விடுங்கோ” என்று சொல்லி நானே சுற்றிப் பிடிக்கிறேன். எங்கள் ஆண்கள் கூசிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சமில்லை. வேறு எதுவும் தோன்றுவதுமில்லை.

எப்போதாவது லாச்சியில் பேனா தேடும்போது மஞ்சள் நாடா கையில் தட்டுப்படும். நூற்றியாறில் அவர் மனைவி கீறிய கோடு இன்னும் மங்கவில்லை. தொண்ணூற்று மூன்றில் ஒரு அடையாளமும் இல்லை. அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.