கசூபா எழுதின ரெண்டு வரி

கசூபாவுக்குத் திமிர்னு சொல்றாங்க இந்த ஊர்ல. தேடி வந்த ஃபெலோஷிப்பைக் காலால எட்டி உதைச்சாளாம். ஒரு அடக்கம் முடிஞ்ச வாரமே ஆபீசுக்கே கடிதம் எழுதி அவங்களையே குத்தம் சொன்னாளாம். அதனாலதான் நர்ஸ் படிப்பு கடைசி வருஷத்துல நின்னு போய், இப்ப அவ அக்கா ஊர்ல மாவு மில்லுல மூட்டை தைக்கிறாளாம். வேணும் அவளுக்குன்னு நாக்குக் கூசாம பேசுறாங்க. முதல்ல இவங்க வாயைத் தைக்கணும். அந்தப் பொண்ணு என்ன பண்ணினா, எதுக்குப் பண்ணினான்னு முழுசாத் தெரிஞ்சவ இந்த முஃபுலிராச் சுரங்க ஊர்ல நான் ஒருத்திதான். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தவளும் நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல என் அச்சுக்கடை. சாவு நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, சபையில பாடுற பாட்டுத்தாள், எல்லாம் என் கையாலதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூன் மாசக் குளிர்ல, ஒல்லியா உசரமா ஒரு பொண்ணு வந்து நின்னா. வெள்ளை யூனிஃபார்ம், மேல ஆம்பளை ஸ்வெட்டர். அப்பா சுரங்கத்துல செத்துப் போனவர், அவரோடதாம் அது.

"அக்கா, பெம்பா பாஷையில டைப் அடிப்பீங்களா? தப்பில்லாம?"

"நீ தப்பில்லாம எழுதிட்டு வா. நான் தப்பில்லாம அடிக்கிறேன்"னேன். சிரிக்கல அவ. பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே உள்ள வந்து உக்காந்துட்டா.

சர்க்கரை வியாதி, உடம்பு பெருத்துப் போறது, இது ரெண்டையும் பத்தி ஜனங்களுக்கு விளங்குற மாதிரி தகவல் எழுதிக் குடுக்கணும். அதுக்கு ஒரு வருஷ ஃபெலோஷிப். நாடு முழுக்கப் பன்னெண்டு மாணவருக்குத்தான் கிடைச்சது. கடைசி வருஷ ஃபீஸும் அதுக்குள்ளயே வந்துடும். அது இல்லேன்னா கசூபா படிப்பு அன்னைக்கே நின்னிருக்கும், அதையும் அவளே சொன்னா.

தலைநகர் லுசாகா ஆபீசுல இருந்து ஒரு மாதிரித் தாள் குடுத்திருந்தாங்க. அதைப் பெம்பாவுக்கு மாத்தினாப் போதும்னு சொல்லியிருந்தாங்க. இவளுக்கு அது போதலை. என் கடை வாசல்ல வியாபாரம் பண்ற பொம்பளைங்களை உக்கார வச்சு சத்தமா வாசிச்சா. எந்த வரிக்கு முகத்தைச் சுளிக்கிறாங்களோ, அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி.

"காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியம் ப்ரோக்கோலி. தினம் ஒரு மணி நேரம் நீச்சல்."

முபாங்கா அம்மாவுக்கு வந்தது பாருங்க ஒரு சிரிப்பு. என் கடை முன்னாடி சட்டி வச்சு இனிப்புப் போண்டா சுடுறவ, உடம்பு ரெண்டு ஆள் அகலம், சர்க்கரைக்கு மாத்திரை வேற. "நீச்சலா? கஃபுவே ஆத்துலயாடி? ஒரே நாள்ல முதலை வந்து என் எடையைக் குறைச்சுடும்!"

கசூபா நீச்சலுக்கு ஒரு பெருக்கல் போட்டா. "சரி, சோளக்களி எத்தனை உருண்டை சாப்பிடுவீங்க?"

"நாலு. கருவாடு நல்லா அமைஞ்சா அஞ்சு."

"ஒண்ணரையாக் குறைங்க."

"அது சாப்பாடு இல்லடி, உப்பு பாக்குறது. அப்புறம் நான் மெலிஞ்சுட்டேன்னு வை, எய்ட்ஸ் வந்துடுச்சுன்னு ஊரே பேசும். எவன் வாங்குவான் என் போண்டாவை?"

"அப்ப அதையும் எழுதுறேன். 'இது வேற, அது வேற'ன்னு."

அப்படியே எழுதினா. ஓட்ஸ் போயி பூசணி இலை வந்தது, நீச்சல் போயி சந்தைக்கு நடந்து போறது வந்தது. பக்கத்துக் கடைத் தையக்காரர் ஒரு நாள் சொன்னாரு, காலையில சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு, தைக்கிற அவசரத்துல ரெண்டு வேளை சாப்பிடாம இருந்தாராம். கை நடுங்கி, சட்டை நனையிற அளவு வேர்த்து, மிஷின் மேலயே சாஞ்சுட்டாராம். பொண்டாட்டி வாயில சர்க்கரைத் தண்ணியை ஊத்தினப்புறம்தான் கண்ணைத் திறந்தாராம். கசூபா அன்னைக்கே தாளோட அடியில ரெண்டு வரி சேர்த்தா: "மாத்திரை போட்ட நாளில் பட்டினி இருக்காதே. உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடு."

"இதுதான்க்கா முக்கியம். மத்ததெல்லாம் மெதுவாக் கொல்லும். இது ஒரு மணி நேரத்துல கொன்னுடும்"னா.

ஆபீசுல இருந்து காபாசோ சார் வந்தாரு. ஃபெலோஷிப் பசங்க பன்னெண்டு பேருக்கும் மேற்பார்வை அவர்தான். நல்லாப் பேசுவாரு, எல்லாரையும் "மகளே"ம்பாரு. தாளைப் பாத்து ரொம்பப் பாராட்டினாரு. அப்புறம் விரலை அடியில வச்சாரு.

"இந்த ரெண்டு வரியை எடுத்துடு மகளே. பணம் குடுக்கிற கம்பெனியோட சின்னம் இங்க வரணும். அதைச் சுத்தி ஒரு விரக்கடை அகலம் எதுவுமே இருக்கக் கூடாது. அது அவங்க விதி."

"எழுத்தைச் சின்னதாக்கிடலாம் சார்."

"எழுத்து அளவுக்கும் விதி இருக்கு. அது போக, மேல 'சர்க்கரை உனக்கு விஷம்'னு போட்டுட்டு கீழ 'சர்க்கரை குடு'ன்னா, படிக்கிறவன் குழம்பிட மாட்டானா? ஒரு தாள், ஒரு சேதி."

"அப்ப மேல இருக்கிறதை எடுங்க சார். இதை எடுக்க முடியாது. நான் எடுக்க மாட்டேன்."

"இது உன் தாள் இல்ல மகளே. எங்களோடது. கையெழுத்துப் போட்டிருக்க, ஞாபகம் இருக்கா?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவ பேனா மூடியை எடுத்துக் கடிச்சா.

மறுநாள் அவ வகுப்புல இருந்த நேரம் பாத்து எனக்குப் போன் பண்ணினாரு. "எஸ்னா அம்மா, ஐயாயிரம் தாள். அடுத்த வருஷ வேலையும் உங்களுக்குத்தான். அந்த அடி வரியை மட்டும் நீங்களே எடுத்துடுங்க. சின்னப் பொண்ணு, அடம் பிடிக்குது."

எடுத்துட்டேன். இதுல மழுப்ப என்ன இருக்கு? கம்ப்யூட்டர்ல அந்த ரெண்டு வரியை மவுஸால கறுப்பாக்கி ஒரு பட்டனை அழுத்தினேன். அவ்வளவு லேசா இருந்தது அது.

சாயங்காலம் கசூபா வந்து கட்டைப் பிரிச்சுப் பாத்தா. கத்தினா. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்தது. "நீங்களுமா அக்கா? தையக்காரர் சொன்னதை நீங்களும் உக்காந்து கேட்டீங்களே!" அடுத்த வருஷ வேலையைப் பத்தி வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். அவ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, ஒவ்வொரு தாள்லயும் அடியில அந்த ரெண்டு வரியைப் பேனாவால எழுத ஆரம்பிச்சா. நாலு நாள் சாயங்காலம் எழுதினா, கட்டைவிரல் வீங்கிப் போச்சு. அறுநூறோ என்னமோ முடிச்சிருப்பா. அஞ்சாம் நாள் காபாசோ சார் வேன்ல வந்தாரு. கிறுக்கின தாளெல்லாம் செல்லாதுன்னு அந்த அறுநூறையும் அள்ளிக்கிட்டுப் போனாரு. இன்னொரு தடவை இப்படின்னா ஃபெலோஷிப் ரத்துன்னு எழுத்துல குடுத்துட்டும் போனாரு. அன்னைக்குத்தான் அவ அழுது நான் பாத்தேன். முதல் தவணை ஃபீஸ் கட்டின ரசீதைக் கையில வச்சுக்கிட்டு அழுதா. அதுக்கப்புறம் எழுதலை.

சுத்தமான தாள் ஒரு கட்டு என் மேஜை மேல கிடந்தது. முபாங்கா அம்மாவுக்கு ஒண்ணு எடுத்து நான்தான் குடுத்தேன். "இந்தா, உன் பேச்செல்லாம் இதுல அச்சாயிருக்கு பாரு"ன்னு சொல்லிக் குடுத்தேன். என் கையாலயே குடுத்தேன்.

அத்தனை பேருக்குக் குடுத்ததுல அதை வேதம் மாதிரி எடுத்துக்கிட்டவ அவ ஒருத்திதான் இருப்பா. பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டா. களி ஒண்ணரை உருண்டை ஆச்சு. சுடுற போண்டாவுல ஒண்ணு வாயில போட மாட்டா, டீயில சர்க்கரை நின்னு போச்சு. மெலிஞ்சா. எவளாவது ஒரு மாதிரி பாத்தா, "இது வேற, அது வேற, தாள்ல போட்டிருக்கு படிச்சுக்க"ம்பா. "ஒரு நாளும் மாத்திரையை விடாதே"ன்னு இருந்தது, விடலை. கசூபாவைப் பாத்தா இழுத்து வச்சுக் கொஞ்சுவா. "என் டாக்டரம்மா, நீ எனக்குப் பத்து வருஷம் குடுத்திருக்கடி."

ஜனவரி வந்தது. எங்க சபையில வருஷ ஆரம்பத்துல உபவாசம் உண்டு. மூணு நாள் பச்சைத் தண்ணிகூட இல்லாம இருப்பாங்க சில பேர். முபாங்கா அம்மா எல்லா வருஷமும் இருக்கிறவ, அந்த வருஷம் விடுவாளா? விடியக்காலையில மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துட்டா.

ரெண்டாம் நாள் மத்தியானம். ஜெபம் உச்சத்துல இருந்தது. முன் வரிசையில முபாங்கா அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது. அப்புறம் தோள். நாக்கு குழறி ஏதோ பேசினா. "அல்லேலூயா! ஆவியானவர் இறங்கிட்டாரு!"ன்னு கூட்டமே எழுந்தது. நானும் சொன்னேன். நல்லாவே சத்தமாச் சொன்னேன். வருஷா வருஷம் அவ மேல ஆவியானவர் இறங்குறது வழக்கம்தானே.

அவ மருமக மவீஸுக்கு மட்டும் சந்தேகம். குழந்தைக்குன்னு வச்சிருந்த ஆரஞ்சு சோடாவை எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. "அத்தை காலையில மாத்திரை போட்டிருக்காங்க, வெறும் வயிறு." சொல்லிட்டு அவளே தயங்கினா. அத்தையோட பைபிளைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா. "சர்க்கரை விஷம்னு போட்டிருக்கே..." பாட்டிலை இறக்கிட்டா.

முபாங்கா அம்மாவோட வேர்வை எனக்குத் தெரிஞ்சது. மூணு வரிசை தள்ளி உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சது, அவ முதுகுல போர்த்தியிருந்த சிட்டெங்கே துணி நனைஞ்சு ஒட்டியிருந்தது. அந்த ரெண்டு வரி எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்தேன். "அதைக் குடுங்க அவளுக்கு"ன்னேன். பக்கத்துல இருந்த மூப்பர் திரும்பி, "உபவாசத்தை முறிக்கச் சொல்றியா? ஆவியானவர் வேலை செய்யற நேரத்துல?"ன்னாரு. எல்லாரும் பாத்தாங்க. உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவேன்? நான் உக்காந்துட்டேன்.

முபாங்கா அம்மா சாஞ்ச பிறகு தூக்கிக்கிட்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசல்ல டாக்ஸியை விட்டு இறக்கறப்பவே மூச்சு இல்ல.

மறுநாள் காலையில கசூபா கடைக்கு வந்தா. அதே ஸ்டூல்ல உக்காந்தா. கொஞ்ச நேரத்துல முபாங்கா வந்தான், செத்தவளோட மகன், மினிபஸ் ஓட்டுறவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பைபிள்ல இருந்த தாளைக் கையில கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, அடக்கத்துக்கு இருநூறு தாள் வேணும். ஒரு பக்கம் அம்மா படம். இன்னொரு பக்கம் இதை அப்படியே போடுங்க. அம்மா இதை வரி விடாம மனப்பாடமா வச்சிருந்தாங்க. கடைசியில உபவாசத்துல உடம்பு தாங்கலை. இந்தச் சர்க்கரை வியாதியால இனி ஒரு தாய் போகக் கூடாதுக்கா. வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகட்டும்."

நான் கம்ப்யூட்டர்ல பழைய ஃபைலைத் திறந்தேன். சின்னம் சேர்க்கிறதுக்கு முன்னால இருந்தது, ரெண்டு வரியும் உள்ளது. அதையே அடிச்சேன். யாருக்கும் எதுவும் சொல்லாம சரி பண்ணிடலாம்னு நினைச்சேன் போல.

முபாங்கா முதல் தாளை எடுத்து விரல் வச்சு வாசிச்சான். அடிக்கு வந்ததும் விரல் நின்னது. கையில இருந்த தாளைப் பாத்தான், திரும்ப இதைப் பாத்தான்.

"இது அம்மா தாள்ல இல்லையே."

"இருந்துச்சுப்பா"ன்னேன். "மடிச்சு மடிச்சு வச்சதுல அழிஞ்சிருக்கும்."

அவன் முகம் மாறிப் போச்சு. "அப்ப மவீஸ் சரியாப் பாக்கலையா? சோடா அவ கையிலதான்க்கா இருந்தது. படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்கலன்னு சொன்னா. என் பொண்டாட்டியா எங்கம்மாவை..."

ஐயோ, அந்த இடத்துலகூட நான் வாயைத் திறக்கல. கசூபாதான் எழுந்தா.

"அண்ணா, மவீஸ் மேல தப்பு இல்ல. அந்தத் தாள்ல இது இல்லவே இல்ல. நாங்க எடுத்துட்டோம்."

'நாங்க'ன்னுட்டா. எடுத்தவ நான். வீங்கின விரலோட எழுதினவ அவ. நாங்கன்னு சொன்னா.

"எடுத்தீங்களா? எதுக்கு?"

கசூபா என்னைப் பாத்தா. இதையாவது நீ சொல்லுன்னு பாத்தா.

"எடம் பத்தலப்பா"ன்னேன்.

முபாங்கா தன் அம்மாவோட தாளை மேஜை மேல விரிச்சு வச்சான். மடிப்பைக் கையால நீவி விட்டான். அந்தச் சின்னத்தைச் சுத்தி வெள்ளையா விட்டிருந்த இடத்துல விரலை வச்சான். "இங்க எடம் இருக்கேக்கா"ன்னான்.