ஸ்டெப் போடாத கணக்கு

பால் பாக்கெட்டை வாங்கியதும் பாட்டி முதலில் தேதியைப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். தேதி சரியாக இருந்தாலும் முகத்தை உடனே விட்டுவிட மாட்டார். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "அது என்ன ஒண்ணரை? ஏன் ஒண்ணு இல்ல, ஏன் ரெண்டு இல்ல?" என்று கேட்டு, திருப்தியாகப் பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டார். வெளியே காத்திருக்கும் நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். போன வருடம் காலமாகும்வரை இந்தச் சுபாவம் மாறவில்லை.

முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சர். தேர்வறையில் காலடி கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாராம். ஓய்வு பெற்றதும் அந்தத் தேர்வறை எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. நான் சிரித்தால் ஏன் சிரிக்கிறாய், சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாய். ஆனாலும் அவர் மடியில் படுக்காமல் எனக்குக் காய்ச்சல் இறங்கியதில்லை. "நடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டேதான் நெற்றியில் ஈரத்துணி போடுவார்.

அப்படிப்பட்டவரை நாங்கள் சந்தேகப்பட நேர்ந்தது. எழுபத்தெட்டு வயதில், செவ்வாய்க்கிழமைதோறும் பதினொரு மணிக்குக் குடையோடு கிளம்பி ஒரு மணிக்குத் திரும்பினார். கேட்டால், "சும்மா, காலாற" என்பார். இரண்டு மணி நேரம் நடந்தவரின் செருப்பில் தூசு இருக்காது. ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறார் என்று அம்மா பயந்தார். யாரோ ஏமாற்றிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள் என்றார் மாமா. எனக்கும் பாட்டியின் ரத்தம்தானே. ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

கடைவீதிக் கோடியில், சாவிக்கடைக்கு அடுத்த தையல் கடைக்குள் நுழைந்தார். முன்னறையில் யாரும் இல்லை. நான் வாசலை நெருங்கியதுமே, திரும்பிப் பார்க்காமல், "தெருமுனையிலேயே பாத்துட்டேன். உள்ள வா" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் விஷயத்தைச் சொன்னார். நாலு மாதத்துக்கு முன் ஜன்னல் திரை தைக்கக் கொடுக்க வந்திருக்கிறார். ஏழு ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு துண்டு, துண்டுக்கு ஒரு மீட்டர் முப்பத்தைந்து. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, பதினெட்டு மீட்டர் தொண்ணூறு என்றிருக்கிறார் தையல்கார அம்மாள். பாட்டி சும்மா இருப்பாரா? பென்சில் வாங்கிப் பெருக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. வேறு அளவு கொடுத்தார். அதற்கும் விடை வந்தது. மூன்றாவது கணக்கை ஆரம்பிக்கும்போதுதான் அந்த அம்மாள் நிமிர்ந்து கேட்டிருக்கிறார்: "இன்னும் நம்பலியா டீச்சர்?"

அப்போதுதான் பாட்டிக்கு முகம் பிடிபட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், ஒரு ஸ்டெப்கூடப் போடாமல் எல்லா விடையையும் சரியாக எழுதிய பெண். மனதிலேயே போட்டேன் என்று அவள் அழுதாள். பாட்டி நம்பவில்லை. காப்பியடித்தாள் என்று பூஜ்யம் போட்டு, தாளைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று பாட்டி விசாரிக்கவும் இல்லை.

"பக்கத்துல உக்கார வெச்சு ஒரு கணக்கு குடுத்துப் பாத்திருக்கலாம். அஞ்சு நிமிஷம் ஆயிருக்குமா?" என்றார் என்னிடம்.

அந்த அம்மாள் மன்னித்துவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். மறுவாரமே வந்து மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மாள் சொன்னாராம்: "நீங்க வர்றது எனக்குப் பிடிக்கல டீச்சர். வராதீங்கன்னு சொல்லவும் வாய் வரல." அதையே அனுமதியாக வைத்துக்கொண்டு பாட்டி வந்துகொண்டிருக்கிறார். பழைய சட்டைகளில் பட்டன் பிரித்துக் கொடுப்பார், நூல் சுற்றுவார். இரண்டு மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

உள்ளறையிலிருந்து துணி மூட்டையோடு தையல்கார அம்மாள் வந்தார். பாட்டி பேச்சை நிறுத்தினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவை முடியாமல் இரண்டாவது தடவையில், எழுந்து நின்றார். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து, ஒரு திரையின் ஓரம் முழுவதையும் நிதானமாக அடித்து முடித்தார். பாட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் அந்த அம்மாள், நூலைக் கத்தரித்தபடி.

அதன் பிறகுதான் பாட்டி உட்கார்ந்தார்.