அழுந்திய புள்ளிகள்

ஆபரேட்டரம்மா புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கைக்குட்டையால் விரல்களைத் துடைப்பார். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக, நகக்கண் வரைக்கும், நகை துடைப்பது போல. பிறகு இடது ஆள்காட்டி விரலை மட்டும் கீழுதட்டில் ஒருமுறை வைத்து எடுப்பார். சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். "குளிர்ந்த விரலுக்கு எழுத்து ஏறாது தம்பி" என்பார். அதற்கப்புறம்தான் அந்த விரல் பக்கத்தின் மூலையில் இறங்கும். இறங்கியதும் அவர் முகம் லேசாக நிமிர்ந்துகொள்ளும், யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதைக் கேட்பது போல.

எங்கள் நூலகத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது பார்வையற்றோர் பிரிவு. ஒரு நீள மேசை, சில நாற்காலிகள், சுவரோரம் பிரெயில் புத்தகங்கள், ஒலிப்பதிவு கேட்க இரண்டு கருவிகள். புத்தகம் கொடுத்து வாங்கும் என் மேசை அந்த அறையின் வாசலை ஒட்டி இருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழும். பிரிவைப் பார்த்துக்கொண்டவருக்குச் சத்தம் அண்ணன் என்று பெயர். அவருக்குக் கிசுகிசுக்க வராது. பத்திரிகைப் பிரிவில் இருந்தவரை வாசகர்கள் புகார் எழுதியே இங்கே தள்ளிவிட்டார்கள். இங்கே வருபவர்களுக்கோ அவர் குரல்தான் வழிகாட்டி. "வாசல்லயே உங்க குரல் கேட்டுடும்ணே, கைத்தடியே தேவையில்ல" என்று ஆபரேட்டரம்மா கிண்டல் செய்வார்.

ஆபரேட்டரம்மா ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளர். குழந்தையில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. சனிக்கிழமை மதியம் வருவார். மாலையில் கணவர் வந்து வண்டியில் கூட்டிப்போவார். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மனிதர். கண் நன்றாகத் தெரியும், ஆனால் படிக்கத் தெரியாது. "எழுத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்" என்று வாசலிலேயே நின்றுகொள்வார். கைக்கறை பட்டுவிடும் என்று புத்தகத்தைத் தொடமாட்டார். துண்டை விரித்துப் பிடிப்பார், அம்மா அதில் வைப்பார்.

வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு அம்மா படிக்க, அவர் படுத்துக்கொண்டு கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். "இருட்டுல புத்தகம் படிக்கற வீடு இந்த ஊர்லயே எங்க வீடுதான்" என்று அவர் என்னிடம் சொன்னபோது, அந்தக் கறைபடிந்த முகத்தில் மாப்பிள்ளைக் களை இருந்தது.

கடைசியாக எடுத்தது ஒரு நாவல். அச்சில் கைக்கு அடக்கமானதுதான். பிரெயிலில் ஐந்து பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். கப்பலில் வேலைக்குப் போன கணவனுக்காகக் கரையில் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. முதல் பாகம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் பாகத்தைப் பாதியிலேயே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அண்ணே, இதுல புள்ளியெல்லாம் படுத்துடுச்சு. கப்பல் புயல்ல மாட்டுது, அதுக்கப்புறம் பக்கம் வெறும் பக்கமா இருக்கு."

சத்தம் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிரெயில் புத்தகத்தை நிற்கவைத்துத்தான் அடுக்க வேண்டும். படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் புள்ளிகள் அழுந்திப் போகும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அறைக்கு வெள்ளையடித்தபோது, கைக்கு எட்டிய இடத்தில் புத்தகங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிவைத்தது அவரேதான்.

"என் தப்புதாம்மா" என்றார். அன்றுதான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "புதுப் பிரதி வரவழைச்சுத் தரேன். அதுவரைக்கும் இதே கதை ஒலிப்பதிவா இருக்கு, போட்டுக் கேளுங்களேன்."

"கேக்கறதா? என் பொழப்பே நாள் பூரா கேக்கறதுதானேண்ணே. கேட்டா எனக்குக் கதை தெரியும், அவ்வளவுதான். அவருக்கு நான் படிக்க வேண்டாமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாமே."

"அப்போ நான் எதுக்கு வீட்ல?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் விரலில் ஒரு கொப்புளம் இருந்ததை அப்போது சத்தம் அண்ணன் பார்த்தார். என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, "எங்கயாவது சுட்டிருக்கும், தெரியல" என்றார். சுட்டது தெரியாமல் இருக்குமா என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பிரெயில் அச்சகத்துக்கு அண்ணன் கடிதம் எழுதினார், போன் செய்தார், பலனில்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்வந்தார். மாதங்கள் ஓடின. ஆபரேட்டரம்மா சனிதோறும் வந்து கேட்பார். "அவரு தினமும் கேக்கறாருண்ணே. கப்பல் என்னாச்சு, கப்பல் என்னாச்சுன்னு. பஞ்சர் போட வர்றவங்ககிட்டயெல்லாம் கப்பலப் பத்திப் பேசறாராம். நான் வாசிச்சுச் சொல்லலைன்னா அவரு மனசு விட்டுடுவாரு."

ஒருவழியாகப் புதுப் பிரதி வந்தது. பசை வாசனை போகாத பாகங்கள். சத்தம் அண்ணன் இரண்டாம் பாகத்தைக் குழந்தையைக் கொடுப்பது போல மேசையில் வைத்தார். ஆபரேட்டரம்மா விரல்களைத் துடைத்தார். உதட்டில் வைத்தார். பக்கத்தில் இறக்கினார்.

விரல் ஒரு வரியைத் தாண்டியது. திரும்ப அதே வரிக்கு வந்தது. வலது கை விரலை வைத்துப் பார்த்தார். பிறகு காகிதத்தை முகர்ந்து பார்ப்பது போலக் குனிந்து, கன்னத்தைப் பக்கத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது கன்னத்தில் புள்ளிகளின் தடம் பதிந்திருந்தது.

"எப்படிம்மா, தெளிவா இருக்கா?" என்றார் அண்ணன்.

"ரொம்பத் தெளிவா இருக்குண்ணே" என்றார் ஆபரேட்டரம்மா. துண்டோடு வந்த கணவரிடம், "வாங்க, உங்க கப்பல் வந்துடுச்சு" என்றார்.

பழைய பிரதியைக் கழித்துவிட எடுத்துவைத்திருந்தோம். மறுவாரம் பாட்டு வாத்தியார் வந்தார். அவரும் பார்வையில்லாதவர். மேசையில் கிடந்த பழைய இரண்டாம் பாகத்தைச் சும்மா தடவிப் பார்த்துக்கொண்டே, புயல் வரும் பக்கத்தைக் கடகடவென்று வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனார்.

"வாத்தியாரே, அதுல புள்ளி அழுந்திப்போச்சே, தெரியுதா?"

"நல்லாத்தானே இருக்கு. யார் சொன்னது அழுந்திப்போச்சுன்னு?"

சத்தம் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். கொப்புளத்தையும் சொன்னார். வாத்தியார் புத்தகத்தை மூடினார்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான். சர்க்கரை. முதல்ல பாதம் மரத்துச்சு, அப்புறம் விரல் நுனி. பாவம், அந்தம்மாவுக்கு ரெண்டாவது தடவையா கண்ணு போகுது."

வாத்தியார் போனபின் அண்ணன் அந்தப் பழைய பாகத்தை அலமாரியில் நிற்கவைத்தார். "நான் அமுக்கினதாவே இருந்திருக்கக் கூடாதாடா தம்பி" என்றார்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது? கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் அவர் இரண்டாம் பாகத்தைத் திருப்பிக்கொடுத்து மூன்றாவதை எடுத்தார். அதை முடித்து நான்கு. பிறகு ஐந்து. புதுப் புள்ளி என்பதால் கொஞ்சமாவது பிடிபடுகிறது போலும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். அப்படி நினைத்துக்கொள்வது எங்களுக்கும் வசதியாக இருந்தது. நூலகத்தில் மட்டும் அவர் இப்போது படிப்பதில்லை. புத்தகத்தை மாற்றிக்கொண்டு, மேசைமேல் கையைக் கவிழ்த்து வைத்தபடி கணவர் வரும்வரை உட்கார்ந்திருப்பார். கைக்குட்டை வெளியே வரவில்லை.

ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் வரவில்லை. கணவர் மட்டும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"முடிஞ்சுடுச்சு தம்பி."

"கதை எப்படிண்ணே?"

"அத ஏன் கேக்கறீங்க. அந்தக் கப்பல்காரன் போயே போயிட்டான்னு நெனச்சேன். நாலாவதுல வந்துட்டான். வந்து, இனிமே கடலே வேணாம்னுட்டு, கரையிலயே பஞ்சர் கடை போட்டுட்டான்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எழுதினவரு யாரோ, தொழில் தெரிஞ்ச மனுசன். ட்யூபைத் தண்ணியில முக்கி எங்க குமிழி வருதுன்னு பாக்கறது, ஒட்டுப் போடறதுக்கு முன்னால தேய்க்கறது, ஒண்ணு விடாம எழுதியிருக்காரு. எங்க வேலையை எல்லாம் யாரு தம்பி புத்தகத்துல எழுதறாங்க?"

அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"வேணாம்னுட்டா. இதுக்கு மேல நல்ல கதை கிடைக்காதாம்."

அதன்பின் அவர்கள் இருவருமே வரவில்லை. அந்த நாவலை நான் படித்ததில்லை. நான் எடுத்துப் படிப்பதெல்லாம் கவிதை அலமாரியிலிருந்துதான். பிறகு ஒருநாள் அச்சுப் பிரதியை எடுத்துவந்து ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அந்தப் புயலிலேயே கப்பல் மூழ்கிவிடுகிறது. அவன் திரும்பி வரவே இல்லை. அவள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள், அதோடு கதை முடிகிறது. பஞ்சர் கடை என்று ஒரு சொல்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை.