சுத்தமான கண்ணுக்குச் சொந்தக்காரர்

கண் ஆஸ்பத்திரியின் மூன்றாம் நம்பர் அறையில் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கண்ணைப் படமெடுப்பவர் அவர். எல்லோருக்கும் ‘ஃபோகஸ் அண்ணன்’. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை உட்கார வைத்து, தாடையை இங்கே வை, நெற்றியை அங்கே ஒட்டு என்று அதட்டிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார். இடையில் இமைத்தவர்களை அவர் மன்னித்ததில்லை.

ஐம்பத்தாறு வயதாகியும் தன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பது அவர் கட்சி. எதிரே வரும் வண்டி விளக்குகள் பூப்பூவாய்ச் சிதறுகின்றனவே என்றால், அது வண்டி செய்கிறவனின் அலட்சியம். படம் மங்கலாகத் தெரிந்தால் கேமரா தூசி; ஒரு நாளைக்குப் பத்து தடவை துடைப்பார்.

போன வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. படத்தைப் பார்த்து, கண்ணில் புரை எவ்வளவு என்று அதுவே ஐந்துக்கு மார்க் போடும். பொருத்த வந்த கம்பெனி ஆள், ஒப்பிட்டுப் பார்க்கப் புரையே இல்லாத கண் ஒன்று வேண்டும் என்றார். டாக்டர்கள் மீட்டிங்கில் இருந்தார்கள். நம் ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கண்தான் அன்றிலிருந்து பூஜ்யம்.

அன்றிலிருந்து ஊரில் புரையும் குறைந்தது. இரண்டு மார்க்குக்கு மேல் வாங்கினால்தான் டாக்டரைப் பார்க்கலாம் என்று நிர்வாகம் விதி போட்டிருந்தது. மற்றவர்களுக்கு ‘நார்மல்’ என்று ஒரு சீட்டு. காத்திருக்கும் கூடம் காலியானது. நிர்வாகி பூரித்துப்போய் அந்தக் காலி நாற்காலிகளைப் படமெடுத்து ஆண்டறிக்கை அட்டையில் போட்டார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியைக் காலால் தேடியவர்கள் படத்தில் விழவில்லை.

அப்புறம் அவருடைய அக்கா வந்தாள். சட்டைக் கடை ஒன்றுக்குக் காஜா எடுத்து, பொத்தான் துளைக்கு நூல் கட்டிப் பிழைக்கிறவள். இந்த மாதத்தில் மூன்றாம் முறையாக வேலை திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். தம்பி படமெடுத்தார். சீட்டு வந்தது. நார்மல்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா.”

“அப்ப காஜாவையும் அதையே எடுக்கச் சொல்லு.”

பையிலிருந்து திரும்பி வந்த சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். கடைக்காரர் என்ன குறை கண்டார் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. அவரும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தார். சட்டை வெள்ளை, நூல் வெள்ளை, காஜா நேர். கடைக்காரரைத்தான் கூட்டி வா, அவர் கண்ணைப் படமெடுக்கிறேன் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

சொட்டு மருந்தோடு உள்ளே வந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “யாருண்ணா இது, வெள்ளைச் சட்டைக்கு மஞ்சள் நூல் போட்டது?”

அக்கா தம்பியையே பார்த்தாள்.

“ஏண்டா, உன் கண்ணுக்கு எத்தனை மார்க்கு?”

“பூஜ்யம்” என்று பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தியவர், மெதுவாக உட்கார்ந்தார். புரை முற்றினால் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர் அவர்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், அக்கா பிழைப்பு போகும். அரைமணி நேரம் கேமராவைத் துடைத்துவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் திரையைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அண்ணன் கண் சுத்தமாக இருப்பதாகக் கம்ப்யூட்டரே சொல்கிறது, வேலைப் பளுவாக இருக்கும், ரெண்டு நாள் லீவு போடுங்கள் என்றார். கண்ணை நேராகப் பார்க்கும் கருவி பக்கத்திலேயே உறை போட்டுக் கிடந்தது.

“மேடம், நீங்க வந்து கேமரா முன்னாடி ஒரு தடவை உட்காருங்க” என்றார் இவர்.

இருபத்தொன்பது வயது டாக்டரின் கண்ணுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த மார்க் மைனஸ் இரண்டரை; பூஜ்யத்தைவிட இரண்டரை மார்க் சுத்தம்.

டாக்டரம்மா எழுந்து உறையைக் கழற்றினார். தம்பி கண்ணைப் பார்த்தார், அக்கா கண்ணைப் பார்த்தார், மறுபடி தம்பி கண்ணைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளாண்ணா இப்படி இருக்கு?”

“வண்டி விளக்கெல்லாம் மட்டமா வர ஆரம்பிச்சதிலிருந்து, மேடம்.”

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன், அடுத்த வாரம் அவருக்கு. அதுவரை, சீட்டு கொடுத்துத் திருப்பி அனுப்பிய முந்நூற்று நாற்பது பேரையும் அவரே போனில் கூப்பிட வேண்டும் என்று நிர்வாகி உத்தரவு போட்டார்.

முதல் நம்பர் ஒரு ரிட்டயர்ட் கணக்கு வாத்தியாருடையது.

“சார், உங்க கண்ணுல புரை இருக்குங்க.”

“அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன். இப்ப யாரு கண்டுபிடிச்சது, கம்ப்யூட்டரா?”

“இல்லைங்க. எங்க அக்கா.”