சித்திரை நோன்பில் ஷரபுன்னிசாவின் புதினா

திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரப் பெட்டி செய்து விற்ற பரக்கத் அலியின் மனைவி ஷரபுன்னிசா. அவளைத் தோட்டக்காரியாக்கியது பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி.

1955-இல் நோன்பு நடுக் கோடையில் வந்தது. ஒரு நாள் மாலை தூக்குச்சட்டியைத் திறந்தவள் முகம் சுளித்தாள். அரிசி இருந்தது, கறி இருந்தது, மணம் மட்டும் இல்லை.

"சேக் மைதீன் பாய் கைப்பக்குவம் எங்கே போச்சு?" என்று கணவனைக் கேட்டாள். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுபவர் சேக் மைதீன்.

"அவர் என்ன பண்ணுவார்? இந்த வெயில்ல புதினாவும் மல்லித்தழையும் மார்க்கெட்டுக்கே வரலையாம். வர்றதும் வைக்கோல் மாதிரி இருக்காம்."

"அப்போ நம்ம மொட்டைமாடியில போட்டுக் குடுக்கிறேன்."

பரக்கத் அலி சிரித்தாலும் மறுநாள் விற்க முடியாமல் நெளிந்துபோன தகரப் பெட்டிகளாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். ஷரபுன்னிசா மண் நிரப்பி, கொத்தமல்லி விதையை முழுசாகத் தூவி, புதினாத் தண்டுகளை ஊன்றினாள். புதினா ஒரே வாரத்தில் கருகியது. மல்லி அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து, இரண்டு இலை விட்டதுமே ஒல்லியாக நீண்டு பூத்துவிட்டது.

பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த பரக்கத் அலியின் தங்கை நசீரா, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மதினி, கஞ்சிக்குத் தழை கேட்டா பூச்செண்டு கட்டிக் குடுப்பீங்க போலிருக்கே!"

ஷரபுன்னிசாவுக்குச் சுருக்கென்றது. செத்த செடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உச்சி வெயிலில் பெட்டியின் பக்கத்தைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டாள். தோசைக்கல் போல் கொதித்தது தகரம். வேர் உள்ளே வெந்து போயிருந்தது.

"உங்க பெட்டியாலதான் எல்லாம் போச்சு," என்றாள் கணவனிடம்.

"என் பெட்டி மேலயா குத்தம் சொல்றே?" என்று அவன் கோபித்துக்கொண்டாலும், சாயங்காலம் மளிகைக் கடையிலிருந்து தேயிலை வந்த பலகைப் பெட்டிகளைச் சுமந்து வந்தான்.

அந்த வருடம் முழுவதும் அவள் மாடியை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். ஆடிக் காற்று எந்தப் பக்கமிருந்து மண்ணை வறளடிக்கிறது என்று பார்த்தாள். ஐப்பசி மழையில் புதினா அழுகியபோது, பெட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தாள். மார்கழிப் பனியில் மல்லி தானாகவே செழித்தது. அதற்குக் குளிர்ச்சி பிடிக்கிறது என்றால் சித்திரையில் அந்தக் குளிர்ச்சியைத் தான்தான் செய்து கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டாள்.

மாசியிலேயே புதினாத் தண்டுகளைப் புதிதாக ஊன்றினாள். வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். காலை வெயில் மட்டும் விழும்படி மேற்கிலும் தலைக்கு மேலும் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டாள். மண் காயாமலிருக்கத் தேங்காய் நாரைப் பரப்பினாள். கொத்தமல்லியைப் பலகையில் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவெல்லாம் ஊறவைத்து விதைத்தாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரம் ஒரு பெட்டியாக விதைத்தாள். பூக்க விடாமல் இளசிலேயே அறுத்துவிட்டால் அடுத்த பெட்டி தயாராக இருக்கும்.

1956-இல் சித்திரையும் நோன்பும் சேர்ந்தே பிறந்தன. முதல் நாள் பரக்கத் அலி ஒரு கூடையைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போனான். துணியை விலக்கிய சேக் மைதீன் நம்பவில்லை.

"எந்த ஊர்லேர்ந்து வருது பாய் இது?"

"என் வீட்டு மாடியிலேர்ந்து!"

அன்று கஞ்சியின் மணம் சந்து முனை வரைக்கும் வந்தது.

தினமும் விடிவதற்கு முன்பும் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகும் தண்ணீர் ஊற்றுவாள். உச்சி வெயிலில் ஒரு சொட்டு ஊற்ற மாட்டாள். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் சேர்த்து வைத்து மாடிக்கு ஏற்றுவாள். குடத்தைச் சாய்க்கும்போது நோன்பில் அவள் தொண்டையும் காய்ந்திருக்கும். செடி குடிப்பதைப் பார்த்தால் தன் தாகம் கொஞ்சம் ஆறுவது போலிருக்கும்.

பாதி நோன்பு கடந்த ஒரு மத்தியானம், கோடை இடியோடு சூறைக்காற்று அடித்தது. பந்தல் பறந்தது. பெட்டிகள் உருண்டன. மழை விட்டதும் மேலே ஏறியவள், சேற்றில் கிடந்த புதினாவைப் பார்த்து அழுதுவிட்டாள்.

பின்னாலேயே நசீரா ஓடி வந்தாள். இந்த முறை கேலி செய்யவில்லை. குனிந்து ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தாள். "மதினி, வேர் அறுந்துபோவல. நட்டா பொழைக்கும். கிழிஞ்ச தழையை ஏன் பார்த்து அழுவுறீங்க? கஞ்சியில நறுக்கித்தானே போடப் போறாங்க!"

ஷரபுன்னிசா அழுகையோடு சிரித்துவிட்டாள். இருவரும் தழைகளைப் பொறுக்கி அலசி அனுப்பினார்கள். அன்றும் கஞ்சி மணத்தது. வேர்களை மறுபடி நட்டார்கள். முளைக்கும் வரை நிழலில் இருக்கட்டும் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த மல்லிப் பெட்டிகளைக் காற்று தொடவே இல்லை. வாரம் ஒன்றாக விதைத்தது அவளைக் காப்பாற்றியது. கீற்று கிடைக்கும் வரை நிழலுக்கு என்ன செய்வது என்று அவள் யோசிக்கும்போதே, நசீரா வீட்டிலிருந்து வெளியே போகும்போது தான் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் கட்டினாள்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. ஆனாலும் பள்ளிவாசலுக்குத் தழை போவது நிற்கவில்லை. பெருநாளுக்கு முந்தின மாலை, பிரியாணிக்குப் புதினா கேட்டு அந்தச் சந்துப் பெண்கள் எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். ஷரபுன்னிசா தழையோடு ஆளுக்கு ஒரு வேர்த் தண்டும் கொடுத்தாள். "தகரத்துல வைக்காதீங்க. மாசியில ஊனுங்க. உச்சி வெயில்ல தண்ணி ஊத்தாதீங்க," என்று எல்லோரிடமும் சொன்னாள். நசீரா அருகில் நின்று, "பூக்க விட்டுட்டு எங்க மதினிகிட்ட வந்து நிக்காதீங்க," என்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் நோன்பு பிறந்தபோது அந்தச் சந்தில் பாதி மாடிகளில் பந்தல் இருந்தது. முதல் நாளே கூடை கூடையாகப் பள்ளிவாசல் வாசலில் வந்து இறங்க, சேக் மைதீன் அகப்பையும் கையுமாகத் தெருவுக்கே ஓடி வந்தார்.

"போதும்மா, போதும்! கஞ்சி காய்ச்சட்டுமா, தழை வியாபாரம் பண்ணட்டுமா?"

மாடிகளிலிருந்து பெண்கள் சிரித்த சிரிப்பு பெரிய கடைவீதி வரைக்கும் கேட்டது.