நெல்மூட்டைக்குள் நாலு பற்றரி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பேய், பிசாசு, செய்வினை எதையும் நம்பாத நான், என் மனைவிக்கு வலிப்பைக் கொண்டுவருவது எங்கள் வீட்டு றேடியோதான் என்று நம்பினேன்.

யுத்த காலம், வவுணதீவுப் பக்கம் இருந்தோம். ஷெல் துண்டொன்று என் மனைவி மலரின் காதுக்கு மேலே புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. எடுத்தால் ஆபத்து என்று ஆசுபத்திரியில் அப்படியே விட்டுவிட்டார்கள். அதிலிருந்து வலிப்பு. எப்போது விழுவாள் என்று தெரியாது. அடுப்படியில் விழுந்தால் நெருப்பு, வாவிக்கரையில் விழுந்தால் தண்ணீர், நான் நெல்வட்டைக்கு வரம்பு கட்டப் போனாலும் காது வீட்டிலேயே கிடக்கும்.

மூன்று தரம் கவனித்தேன். பாட்டுப் படித்துக்கொண்டிருக்கும் றேடியோ திடீரென்று 'கொர்ர்' என்று இரையும், கொஞ்ச நேரத்தில் மலர் விழுவாள். மண்டைக்குள் இருக்கும் இரும்பை றேடியோ இழுக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு பற்றரியையும் உருவி நெல்மூட்டைக்குள் ஒளித்தேன். எங்கள் பக்கம் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம், செத்த பற்றரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துத்தான் பாட்டுக் கேட்டோம். மலருக்கு வந்ததே கோபம்.

"வருத்தம் எனக்கு, பத்தியம் றேடியோவுக்கா?" என்றாள்.

நாலாம் நாள் காலை, நம்பினால் நம்புங்கள், பற்றரி இல்லாமல் வயிறு திறந்து கிடந்த அந்த றேடியோ இரைந்தது. அதே 'கொர்ர்'. சாரம் அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினேன். சுற்றுக்கட்டு இல்லாத கிணற்றில் குனிந்து தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தவளை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"விடுங்க, ஆக்கள் பாக்கப்போறாங்க!" என்று திமிறியவள் என் கைக்குள்ளேயே விறைத்துப்போனாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சொன்னார், வெளிநாட்டில் மண்டைக்குள்ளே மெல்லிய கம்பி வைத்து, மூளையின் சிக்னலைப் பிடித்து, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறார்களாம்.

"அப்ப எங்கட றேடியோவும் அதத்தானே செய்யுது, டொக்டர்?"

"நீங்க எத்தின நாளா நித்திரை கொள்ளாம இருக்கிறீங்க?" என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். மலர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அவர் மாற்றித் தந்த மருந்து ஒத்துக்கொண்டது. வலிப்பு நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. றேடியோவுக்கு நான் திரும்பப் பற்றரி போடவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

போன மாதம் மத்தியானச் சோற்றுக்கு முன், அது இரைந்தது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடிய நான் குசினி வாசலில் மலரோடு மோதினேன். அகப்பையும் கையுமாக அவளும் என்னைத் தேடித்தான் ஓடிவந்திருக்கிறாள்.

"என்ன புள்ள, தலை சுத்துதா? இரு, இரு" என்று தோளைப் பிடித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கதிரையைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்ல. இந்தத் தரம் நீங்க இருங்க."